மூன்றாம் தட்டில் கீறல் இல்லை

சனி, 8 நவ.
பூம்ப்ளிஸில் பனிப்புகார், அம்மா வீட்டிலிருந்து எதிர்வீடு தெரியவில்லை. நான் இருக்கும் லாங்கன்தாலிலிருந்து காலை ரயிலில் வந்தேன். அம்மாவுக்குக் கொண்டு வந்தவை: பிரஷர் மாத்திரை, முருங்கைக்காய், டிவிடி பிளேயருக்குப் புது வயர்.

அப்பா போய் ஆறு மாதம். அவரோடு பார்த்த அமெரிக்கத் தொடரைத் திரும்பப் பார்க்க வேண்டுமாம் அம்மாவுக்கு. பெற்றோல் செட் நடத்தும் குடும்பம், நான்கு பிள்ளைகள், மூத்தவன் பட்டாளத்தில். அப்பா ஊரில் ஆங்கில வாத்தியார். ஆங்கிலத்தில் ஓடவிட்டு, வரிக்கு வரி தமிழில் சொல்வார். மூத்தவனுக்குப் பெயர்கூட வைத்திருந்தார்: பெரியதம்பி. நான் பக்கத்து அறையில் பாடம் படித்து வளர்ந்தது அந்தக் குரலைக் கேட்டுத்தான். அந்தக் குரல் இல்லாத வீட்டில் சோபாவில் உட்காரவே பிடிக்கவில்லை.

மெனுவில் பார்த்தால் ஜேர்மன் மொழியும் இருக்கிறது! இருபது வருடம் முதியோர் இல்லத்தில் வேலை செய்த அம்மாவுக்கு ஜேர்மன் தண்ணீர் பட்ட பாடு. பெரிய கெட்டிக்காரி நான், உடனே மாற்றினேன்.

“அப்பா இதைச் சொல்லவே இல்லையே” என்றார் அம்மா.

ஞாயிறு, 9 நவ.
மழை. சீசன் 2. மூன்றாம் டிவிடி தட்டை எடுத்தேன்.

“அது கீறல் விழுந்தது பிள்ளை. அப்பா ஒருநாளும் போடேல்லை.”

துணியால் துடைத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. போட்டேன். என் கையை முறிக்க வேண்டும்.

அத்தியாயம் 9. வாசலில் சீருடையோடு இரண்டு பேர். மகன் இறந்துவிட்டான், உடல் கிடைக்கவில்லை. சுத்தமான ஜேர்மன்.

“பெரியதம்பி அலாஸ்காவிலை மீன் கொம்பனியிலை எல்லோ வேலை செய்யிறான்?” என்றார் அம்மா.

பட்டாளத்தை விட்டு அங்கே போய்விட்டான், அதுதான் அப்பா மாற்றிச் சொன்ன கதை. பின்னால் வரும் அத்தியாயங்களில் அந்தக் குடும்பம் அவன் படத்தைப் பார்த்து அழும்போதெல்லாம், “கடிதம் வந்திருக்கு, சந்தோசத்திலை அழுகினம்” என்று சொல்லியிருக்கிறார். ஐந்து சீசன்!

அம்மா டிவியை நிறுத்திவிட்டுப் போய் முருங்கைக்காய் வெட்டினார். நான் சிரிக்க வைக்கப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

புதன், 12 நவ.
குளிர், 2 பாகை. வேலையில் மதிய இடைவேளை. அம்மாவின் போன்.

“சின்னமாமா கதைச்சவர் எண்டு அப்பா சொன்னவரெல்லோ. நான் வேலைக்குப் போன நேரம்.”

சின்னமாமா அம்மாவின் ஒரே தம்பி. ஊரில் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். அவர் வீட்டுக்குப் போன் எடுத்துக் கதைத்தார், உயிரோடு இருக்கிறார், பிறகும் எடுப்பார் என்று அப்பா சொன்ன அன்றிலிருந்துதான் அம்மா சோறு தின்னத் தொடங்கினார். பிறகு போன் வரவில்லை. அம்மா இன்றும் காத்திருக்கிறார்.

“நீ அண்டைக்குக் காய்ச்சலோடை வீட்டிலை நிண்டனி. போன் அடிச்சதோ?”

எனக்கு அப்போது பதினைந்து வயது. இங்கே மட்டும் எழுதுகிறேன்: அடிக்கவில்லை. நான் முழுநாளும் போனுக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தேன்.

“ஓம் அம்மா, அடிச்சது.”

“நீ அப்பான்ரை பிள்ளைதான்” என்றுவிட்டு வைத்துவிட்டார்.

சூப் ஆறிப்போனது. கழிப்பறையில் போய் அழுதேன். யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. அப்பா மேலா, என் மேலா.

வெள்ளி
அம்மாவுக்கு இரண்டு தரம் போன் எடுத்தேன். “சமைக்கிறன், பிறகு கதைப்பம்.” கதைக்கவில்லை.

ஞாயிறு, 16 நவ.
வெயில், காற்று. அம்மாவோடு ட்ராமில் கோயிலுக்கு. அப்பாவுக்கு நெய்விளக்கு வைத்து மோட்ச அருச்சனை. சின்னமாமாவுக்கும் அம்மா இங்கேதான் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நட்சத்திரம் சொல்லி, ஆயுள் வேண்டி அருச்சனை செய்விப்பார்.

ஐயர் பெயர் கேட்டார். அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னார். பிறகு, “இன்னுமொராள் ஐயா, என்ரை தம்பி” என்றார்.

ஐயர் இன்னொரு நெய்விளக்கை எடுத்து வைத்தார். “அவர் எப்ப காலமானவர்?”

அம்மா என்னைப் பார்க்கவில்லை.

“புதன்கிழமை.”