கடைசி நிறுத்தம் வரை இரண்டு டிக்கெட்

மார்ச் 8, சனி

கப்பல் ஏறியாகிவிட்டது. அறை என் தையல் கடையைவிடச் சிறியது. இரண்டு கட்டில், நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கிற இடம், ஒரு வட்ட ஜன்னல். டீச்சர் உள்ளே நுழைந்ததும் செய்த முதல் வேலை, ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் தன் கைப்பையை வைத்தது. இரண்டாவது வேலை, என் பெட்டியைத் திறந்து பார்த்து, "புடவையை இப்படியா மடிப்பாங்க அண்ணி?" என்று கேட்டது.

டீச்சர் என்றால் என் வீட்டுக்காரருடைய தங்கை. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுத்தவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். நேரில் கூப்பிடுவதும் டீச்சர்தான்.

இந்தப் பயணத்தை இரண்டு வருடத்துக்கு முன் அவர் பதிவு செய்தார், தனக்கும் எனக்கும். அவர் பெயரை எடுத்துவிட்டுத் தங்கை பெயரைப் போட, கம்பெனிக்காரர்கள் ஒரே ஒரு படிவம்தான் கேட்டார்கள். ஓர் ஆளை மாற்றுவது இவ்வளவு சுலபமா? அன்றைக்கு முழுக்க எனக்கு எரிச்சல்.

அவருடைய குடையை எடுத்து வந்திருக்கிறேன். "கப்பல்ல யாராவது குடை பிடிப்பாங்களா?" என்றாள். நான் பிடிப்பேன்.

மார்ச் 9, ஞாயிறு

கடலைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன்.

அவர் போனபிறகு எனக்குத் துணையாக முப்பது நாள் இருக்க வந்தவள் டீச்சர். பதினான்கு மாதம் ஆகிறது. இந்த ஜனவரியில் ஒருநாள் நான் கடையிலிருந்து வந்தபோது அவருடைய அலமாரி திறந்திருந்தது. சட்டைகளையெல்லாம் நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "இது என் வீடு. என்னைக் கேக்காம எதையும் தொடாத" என்று கத்திவிட்டேன். அன்று மாலைக்குள் சட்டைகள் பழைய வரிசையில், ஒன்றுகூட மாறாமல் இருந்தன. மறுவாரம், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் தங்குகிற விடுதியில் அறை எடுத்துவிட்டதாகச் சொன்னாள். ஏப்ரல் ஒன்றாம் தேதி போகிறாள்.

போகாதே என்று ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும். வாய் வரைக்கும் வருகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. முப்பத்திரண்டு வருடத்தில் நானும் அவளும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டதே இல்லை. நடுவில் அவர் இருந்தார். இரண்டு பக்கமும் அவரே கேட்டுவிடுவார்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று நிலநடுக்கோட்டைத் தாண்டினோம். கோடு எதுவும் தெரியவில்லை. ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

மேல்தளத்தில் மைக்கைப் பிடித்துப் பேசிய அதிகாரியை டீச்சர் இரண்டு இடத்தில் திருத்தினாள். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள். கோட்டுக்குத் தெற்கே தொட்டித் தண்ணீர் எதிர்ப்பக்கமாகச் சுழன்று இறங்கும் என்பது கட்டுக்கதையாம். ஆனால் மார்ச் மாதத்தில் இந்தப் பக்கம் மத்தியான வெயில் வடக்கேயிருந்து அடிக்கும், நிழல் தெற்கே விழும், இது உண்மையாம். நட்சத்திரங்களைப் பற்றியும் ஏதோ சொன்னாள். நான் பாதிதான் கேட்டேன். பேசும்போது அவள் முகத்தில் பத்து வயது குறைந்துவிடுகிறது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, வியாழன்

நாளை ஒரு தீவு. காலை எட்டுக்கு இறங்கலாம், மாலை நாலரைக்குள் ஏறிவிட வேண்டும். ஐந்துக்குக் கப்பல் கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது என்று மூன்று மொழியில் சொல்லிவிட்டார்கள்.

சுற்றிக்காட்டும் ஏசி பஸ்ஸுக்குச் சீட்டு வாங்க டீச்சர் வரிசையில் நின்றிருந்தாள். நான் போய்க் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும், பஸ் ஸ்டாண்டில் எது முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போவோம். அங்கே ஒரு டீ. அதே பஸ்ஸில் திரும்பிவிடுவோம். எங்கள் கல்யாணத்துக்கு மறுவாரம் தொடங்கிய பழக்கம் இது. இந்தத் தீவிலும் அப்படித்தான் என்று சொல்லித்தான் பதிவே செய்தார்.

"தெரியாத ஊர் அண்ணி."

"தெரிஞ்ச ஊரா இருந்தா எதுக்குக் கப்பல்ல வரணும்?"

யோசித்தாள். "சரி, வழி நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

எழுத்து கோணலாக இருந்தால் கப்பல்மேல் பழி போட்டுக்கொள்கிறேன்.

துறைமுக வாசலில் டாக்ஸிக்காரர்கள் படம் போட்ட அட்டைகளோடு சூழ்ந்துகொண்டார்கள். குடையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தேன், வழிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்ட் சந்தைக்குப் பின்னால் இருந்தது. மஞ்சள் நிறச் சின்ன பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நிற்க, அதில் ஏறினோம். கிழிந்த சீட்டுகளை யாரோ இரட்டை நூல் போட்டுத் தைத்திருந்தார்கள். நல்ல கை. கண்டக்டரிடம் எந்த மொழியில் கேட்பது? கையை நீட்டி, தூரமாக, இன்னும் தூரமாக, என்று காட்டினேன். சிரித்துக்கொண்டே கடைசி நிறுத்தத்துக்கு இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒருத்தி, கேட்காமலே தன் குழந்தையை டீச்சர் மடியில் வைத்துவிட்டு மூட்டையை ஏற்றப் போனாள். டீச்சர் உடனே அதற்கு விரல்விட்டு எண்ணக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். குழந்தை அவள் கண்ணாடியைப் பிடுங்கியது. கொஞ்ச தூரம் கடலோரமாக ஓடிவிட்டு பஸ் மலை ஏறியது. முக்கால் மணி நேரம். ஜன்னல் வழியே காற்று. அவர் இருந்திருந்தால் இந்நேரம் தூங்கி என் தோளில் விழுந்திருப்பார்.

கடைசி நிறுத்தம் ஒரு மலை ஊர். தண்ணீர்த் தொட்டி, நாலு வீடு, ஒரு கடை. கடைக்காரம்மாவிடம் டீக்கு விரலைக் காட்டினேன். மூன்று கிளாஸ் வந்தது. எனக்குப் புரியவில்லை. பிறகு என் கையைப் பார்த்தேன். மூன்று விரல்தான் நீட்டியிருந்தேன். இத்தனை வருடம் எப்போதும் இரண்டு. இன்றைக்கு டீச்சரும் வந்திருக்கிறாளே என்று கை ஒன்றைக் கூட்டிக்கொண்டது போல.

டீச்சர் மூன்றாவது கிளாஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அதை எடுத்துப் பாதி என் கிளாஸிலும் பாதி தன் கிளாஸிலும் ஊற்றினாள்.

வெளியே வந்தால் டிரைவர் பஸ்ஸைப் பூட்டிக்கொண்டிருந்தார். கைக்கடிகாரத்தில் மூன்றைத் தொட்டுக்காட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். காத்திருக்கலாம், நாலு மணிக்குள் போய்விடலாம் என்றேன்.

"மூணும்பாங்க, நாலுக்குத்தான் எடுப்பாங்க. நாலரைக்கு வாசல் சாத்திடுவான்." கப்பலில் கொடுத்த படத்தை விரித்தாள். "துறைமுகம் நேர் வடக்கே. குறுக்கே நடந்தா ஆறு கிலோமீட்டர்தான். இறக்கம்."

ஊர் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிந்தது. இரண்டுமே மரங்களுக்குள் இறங்கின. பலகை இல்லை, கேட்க ஓர் ஆள் இல்லை. டீச்சர் என் கையிலிருந்து குடையை வாங்கி மண்ணில் செங்குத்தாக ஊன்றினாள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக நிழல் விழுந்தது.

"மணி பன்னெண்டு. நிழல் காட்டுறது வடக்கு. ஆறாம் வகுப்புப் பாடம் அண்ணி."

நானும் தலையாட்டினேன். நானும்தானே சான்றிதழ் வாங்கினவள்!

நிழல் காட்டிய பக்கத்துச் சாலையில் ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தோம். மரங்கள் விலகி நீலம் தெரிந்ததும் அவள் கைதட்டினாள். "பாத்தீங்களா, கடல்!"

கடல்தான். கப்பலைக் காணோம். துறைமுகம் இல்லை, டாக்ஸி இல்லை. நாலைந்து படகு, வலை பின்னுகிற ஒரு பெண்பிள்ளை, அவ்வளவுதான். "பன்னண்டு மாடிக் கப்பல் எங்கேடி போகும்? நம்மள விட்டுட்டுப் போயிட்டானா? இன்னும் ரெண்டுகூட ஆகலையே!" என்றேன்.

அறை அட்டையில் இருந்த கப்பல் படத்தை அந்தப் பெண்ணிடம் காட்டினேன். நாங்கள் இறங்கி வந்த மலையைக் காட்டி, அதற்கும் அந்தப் பக்கம் என்று கையை வீசினாள்.

டீச்சர் தன் நிழலையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி... நாம நிலநடுக்கோட்டைத் தாண்டிட்டோம் இல்ல? இங்க நிழல் தெற்கே விழும்."

அப்படியே படகு விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு எனக்குத் தொண்டை வரை வந்தது, ஆனால் அவள் அழுகிறாள்! அண்ணன் போன அன்றுகூட எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டு நின்றவள். "தப்பு என்னுதுதான் அண்ணி. நானே உங்ககிட்ட சொன்னேன், நானே மறந்துட்டேன். எங்க போனாலும் எனக்குப் பழகின மாதிரியே எல்லாத்தையும் வெச்சுப் பாக்கறேன். எங்க நிக்கிறேன்னு பாக்கறதில்ல. அன்னிக்கு சட்டையும் அப்படித்தான். உங்க வீடு, உங்க அலமாரி. நான் யாரு அதுல கை வைக்க?"

நான் என்ன செய்வேன்? பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அது உன் அண்ணன் சட்டைடி. நான் அவரைப் பாக்கறதுக்கு இருபத்தஞ்சு வருஷம் முன்னாடியே உனக்கு அண்ணன். உன்னைப் பாத்து என் வீடுன்னு சொன்னேன் பாரு, என் வாயை நானே தைச்சுக்கணும். போகாத டீச்சர். நீ போயிட்டா புடவை மடிக்கத் தெரியலைன்னு என்னை யாரு சொல்லுவா?"

சொல்லிவிட்டேன். இரண்டு மாதமாக வாய் வரைக்கும் வந்து நின்றது. நடுவில் யாரும் இல்லாமல் நானே சொல்லிவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து குடையை எடுத்தாள். "முதல்ல கப்பலைப் பிடிப்போம் அண்ணி" என்றாள்.

மீன் ஏற்றிக்கொண்டு துறைமுகம் போகும் ஐஸ் வண்டி ஒன்று மூன்றே காலுக்கு வரும் என்று வலைக்காரப் பெண் மணலில் படம் போட்டு, மணியும் எழுதிக் காட்டினாள். அதுவரை சும்மா எப்படி உட்காருவது? அவளிடம் ஊசியை வாங்கி வலையில் ஒரு கிழிசலை மூடினேன். முப்பது வருடத் தையல்காரி போட்ட முடிச்சை அவள் பார்த்துச் சிரித்து, அவிழ்த்து, மறுபடி போட்டாள். டீச்சருக்கு அதில் பரம திருப்தி.

வண்டி வந்ததும் அந்தப் பெண்ணே டிரைவரிடம் பேசி எங்களை முன் சீட்டில் ஏற்றிவிட்டாள். எங்கள் காலடியிலும் மீன் கூடை. ஒவ்வொரு வளைவிலும் டீச்சர் மணி பார்த்தாள், டிரைவர் பாட்டுப் பாடினார். நாலு இருபத்திரண்டுக்குக் கப்பல் வாசல். காவலாளி அட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மூக்கைச் சுருக்கினார். டீச்சர் நிமிர்ந்து நின்று, "குட் ஈவினிங்" என்றாள்.

மார்ச் 15, சனி

நான் சொன்னதற்குப் பதில் வரவில்லை. காலையில் என் புடவையை மடித்து வைத்திருந்தாள். மீன் வாசனை போகவில்லை.

மார்ச் 20, வியாழன்

வீட்டுக்கு வந்தாயிற்று. பூட்டிக் கிடந்த வீட்டில் மூச்சு முட்டியது. இரண்டு பேருமாக ஜன்னல்களைத் திறந்தோம். குடையை அதன் ஆணியில் மாட்டினேன்.

அவளுடைய புத்தகங்கள் போன மாதம் அட்டைப்பெட்டியில் ஏறியது ஏறியபடியே கூடத்தில் இருக்கின்றன. பிரிக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

பெட்டி ஒட்டுகிற டேப் எங்கே என்று கேட்டாள். தீர்ந்துவிட்டது என்றேன். தையல் மிஷின் இழுப்பறைக்குள் முழுசாக இருக்கிறது. இந்த வயதில் இப்படியும் ஒரு பொய்.

மார்ச் 31, திங்கள்

நாளை ஒன்றாம் தேதி. அவள் எதுவும் பேசவில்லை. நான் கேட்கவும் மாட்டேன் — ஒரு தடவை கேட்டாயிற்று. அதற்குமேல் கேட்டால் கட்டாயப்படுத்துவதாக ஆகும். இருக்கச் சொல்லி அழுகிற ஆளா நான்? ஆமாம். ஆனால் கொல்லைப்பக்கம் போய்த்தான் அழுதேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கடைக்குப் போகவில்லை. காலை ஒன்பது மணிக்கு டீச்சரின் போன் அடித்தது. அவருடைய அறையிலிருந்து அவள் குரல் வந்தது: "எடுங்க அண்ணி, எனக்குக் கை ஒழியல."

விடுதிக்காரர். அறை சுத்தம் செய்தாயிற்றாம், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று கேட்டார். போனோடு அறை வாசலுக்குப் போனேன். அலமாரி திறந்திருந்தது. டீச்சர் ஸ்டூல்மேல் நின்றிருந்தாள். கட்டிலில் அவருடைய சட்டைகள் வெள்ளை, சந்தனம், பச்சை என்று குவியல் குவியலாக இருந்தன. அவள் இரண்டு கையிலும் ஒவ்வொரு நீலச் சட்டை.

"எது முன்னாடி வரணும் அண்ணி? கேட்டுட்டுத்தான் வைக்கணும்னு எடுத்து வெச்சிருக்கேன்."

போனில் அந்த மனிதர், "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார்.

"அவங்க வர மாட்டாங்க சார்" என்றேன். "அவங்க வீட்டுல அவங்க வேலையா இருக்காங்க."

வெளிர் நீலம்தான் முன்னால் என்று டீச்சரிடம் சொன்னேன்.