ஈரலுக்குப் போகும் கிளை

மார்ச் 3
கருவி கழுவும் அறையில் சேர்ந்து இன்றோடு எட்டு மாதம். அக்கா இதே ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை படிக்கும் டாக்டர். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெரிய டாக்டரம்மாவுக்குப் பின்னால் என் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போனாள். பார்த்தாள். பார்க்காத மாதிரி போனாள்.

அம்மா நோயில் படுத்தபோது வீட்டில் ஒருத்தி இருந்தாக வேண்டும் என்றார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றேன். அவள் நிற்கவில்லை.

மார்ச் 5
அக்கா கலர் களிமண்ணோடு வந்தாள். "எனக்குக் கை வரலடி. நீ செஞ்சு குடு. செல்லம்ல?"

கணையத்தைச் சின்னத் துளைகள் வழியாக அறுப்பார்கள். கையை விட்டுத் தொட்டுப் பார்க்க முடியாது. கேமரா காட்டுவதுதான் கண். அதனால் ஒவ்வொரு நோயாளியின் ஸ்கேனையும் பார்த்து, உள்ளே இருப்பதை முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். டாக்டரம்மாவின் சட்டம். படிக்கிறவர்கள்தான் செய்ய வேண்டுமாம்.

மஞ்சளில் கணையம், படுத்திருக்கும் நாக்கு போல. அதன் கழுத்துக்குப் பின்னால் நீலத்தில் பெரிய சிரை. பக்கத்திலேயே சிவப்பில் தமனி. நன்றாக வந்தது.

மார்ச் 7
டாக்டரம்மா அதைத் தூக்கிக் காட்டினார். "இது கை இல்லம்மா, கண்ணு!"

அக்கா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தாள். வெட்கம் என்னுடையது. அதையும் எடுத்துக்கொண்டாளா? கருவித் தட்டோடு வாசலில் நின்றேன். வயிறு எரிந்தது.

மார்ச் 9
எரிகிறது.

மார்ச் 12
அடுத்தவர் ஒரு பஸ் டிரைவர். அக்கா ஸ்கேனைக் காட்டினாள். "ஈரலுக்குப் போற தமனி பொதுவா மேல இருந்து வரும். இவருக்கு வலது கிளை மட்டும் கணையத்துக்குப் பின்னாடி, கீழ இருக்கிற தமனியிலிருந்து கிளம்புது. தெரியாம வெட்டினா ஈரல் போச்சு. கவனம்டி."

சரியாகத்தான் செய்தேன். அவள் குளிக்கப் போனாள். கிளையைப் பிய்த்து மேலே ஒட்டினேன், எல்லாருக்கும் இருப்பது போல. டாக்டரம்மா ஸ்கேனோடு ஒப்பிடாமல் கத்தியைத் தொட மாட்டார். டிரைவருக்கு ஒன்றும் ஆகாது. அக்கா மட்டும் மாட்டுவாள்.

அவள் பார்க்காமலே பையில் வைத்தாள்.

மார்ச் 13
"இது யாரோட வயிறு? அவரோடதா, உன் புத்தகத்தோடதா?" டாக்டரம்மாவின் குரல் என் அறைவரை கேட்டது.

"என் தப்புதான் மேடம்."

"நாளைக்கு கேமரா நீ பிடிக்க வேண்டாம்."

முதல் தடவை பிடிக்கப் போகிறாள் என்று வீடே ஆடிக்கொண்டிருந்தது. என்னைக் காட்ட ஒரு விரல் போதும். அவள் நீட்டவில்லை. என்னைக் காப்பாற்றவா, தன்னையா — தெரியவில்லை.

அவர்கள் இருந்த அறைக்குள் எப்படிப் போனேன்? அத்தனை பேர். மாதிரியை எடுத்தேன். கிளையைப் பிய்த்தேன். பின்னால், கீழ்த் தமனியில் ஒட்டினேன்.

"வேணும்னுதான்... மாத்தினேன்." அவ்வளவுதான் வந்தது.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு."

"என் தங்கச்சி மேடம்." இந்தக் கட்டடத்துக்குள் அவள் அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"செஞ்சது அவ, பாராட்டு வாங்கினது நீ. உன் கையால ஒண்ணு சரியா செஞ்சு கொண்டு வா. அதுக்கப்புறம் கேமரா." என் பக்கம் திரும்பினார். "உனக்குக் கருவி போதும். களிமண்ணைத் தொடாதே."

மார்ச் 14
டிரைவருக்கு நல்லபடியாக முடிந்தது. கிளை பத்திரம். கேமராவை வேறொருவர் பிடித்தார்.

மார்ச் 17
"என் மேல என்னடி அவ்வளவு எரிச்சல்? படிப்பா?"

"அதுவும்தான். நீ பார்க்காத மாதிரி போனியே, அது."

துவைத்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே திரும்ப மடித்தாள்.

ஏப்ரல் 2
காலையில் என் அறைக்குள்ளேயே வந்து அவள் செய்த மாதிரியை நீட்டினாள். கணையம் தேய்ந்த செருப்பு மாதிரி இருந்தது.

"சிரிக்காதடி. தொடாம பாத்துச் சொல்லு."

ஸ்கேனை வைத்து இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை, எங்காவது தப்பு இருக்காதா என்று. இரண்டாம் தடவை, இருந்துவிடக் கூடாதே என்று.