சிங்கிள் ஃபேஸ் வீட்டில் கால் செய்கிறவள்

நவம்பர் 4, திங்கள்

மெஷின் வந்துவிட்டது. நாலு பேர் முக்கி முனகித் தூக்கி முன்னறையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் நான் கையாண்ட அதே மாதிரி. செயற்கைக் காலில் சாக்கெட் என்று ஒரு கிண்ணம் உண்டு, மிச்சமிருக்கும் காலை அதற்குள்தான் நுழைப்பார்கள். அந்தச் சாக்கெட்டைத் தேய்த்து விளிம்பு சரிசெய்கிற மெஷின். ஏலத்தில் எடுத்தேன்.

பிளக்கைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. த்ரீ ஃபேஸ். மூன்று கம்பியில் கரண்ட் வேண்டும் அதற்கு. டெல்லி முனிர்காவில் இந்த வாடகை வீட்டுக்கு வருவது ஒன்றே ஒன்று.

ஆஸ்பத்திரியில் சுவரில் செருகினால் ஓடும். அதையெல்லாம் யார் யோசித்தார்கள்?

"ஆனைய வாங்கிட்டு அங்குசத்துக்கு அலையப் போறியாக்கும்" என்றார் ஜோஷ்வா. கட்டின புருஷன் சொல்கிற ஆறுதல்.

நவம்பர் 5, செவ்வாய்

த்ரீ ஃபேஸ் கனெக்‌ஷன் கேட்க ஹவுஸ் ஓனர் கையெழுத்து வேண்டும். போட மாட்டாராம். "நஹீ பேட்டி, ஃபாக்டரி நஹீ சலேகி." வீட்டில் ஃபாக்டரி நடத்தக் கூடாதாம். ஒரு காலுக்கு விளிம்பு தேய்ப்பது எந்த ஊரில் ஃபாக்டரி என்று கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

நவம்பர் 8, வெள்ளி

ஹம்சா அக்கா போன். "என்னடி, உன் மெஷின் மூச்சு விட்டுதா?"

இன்னும் இல்லை என்று எப்படிச் சொல்வது? அவருக்காகத்தானே வேலையை விட்டேன். சர்க்கரையில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய் இரண்டு வருஷம். மிச்சக் கால் மெலிந்து, சாக்கெட் உராய்ந்து புண். ஆளுக்கு இரண்டு தடவைதான் திருத்திக் கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் கணக்கு. மூன்றாவது தடவை வந்தவரை, "வலி பழகிப்போகும், அனுப்பு" என்றார் சீனியர். நான் கத்தினேன். அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். வாசலில் வைத்து, "நான் செய்து தாரேன்க்கா" என்று வாக்கும் கொடுத்தேன்.

அக்கா வீடு கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நாற்பது நாளாக அக்கா கீழே இறங்கவில்லை. டிசம்பர் 9-ஆம் தேதி ஆபீசில் சேராவிட்டால், வேலைக்குத் தகுதியில்லை என்று மெடிக்கல் போர்டுக்கு எழுதிவிடுவார்களாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து கடிதமும் இன்றுதான் வர வேண்டுமா? நவம்பர் 30-க்குள் திரும்பிச் சேரலாமாம். ஜோஷ்வா அதை ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார். போ என்றோ போகாதே என்றோ சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நவம்பர் 11, திங்கள்

வீட்டுக் கரண்டிலேயே ஓடவைக்கத் தெருமுனை எலக்ட்ரீஷியன் கண்டென்சர் போட்டார். உறுமிக்கொண்டு சுற்றியது. ஒரு பழைய சாக்கெட்டை வைத்து அழுத்தினேன், நின்றுவிட்டது. கருகல் வாசனை. "சல் ஜாயேகா மேடம்" என்கிறார். ஓடிவிடுமாம். எப்படி ஓடும்? புகை வருதே!

நவம்பர் 14, வியாழன்

பகீரத் பேலஸ் எலக்ட்ரிக் கடைகளில் அலைந்து டிரைவ் ஒன்று வாங்கினேன். ஷூ டப்பா அளவுப் பெட்டி. வீட்டுக் கரண்டை வாங்கி மூன்றாக ஆக்கிக் கொடுக்கும். டெல்லிக் காற்று முழுக்கப் புகை, தொண்டை எரிகிறது.

ஓடுகிறது! சத்தமே இல்லாமல் ஓடுகிறது!

நவம்பர் 15, வெள்ளி

ஓடுகிறது. அழுத்தினால் நிற்கிறது. வீட்டு ஃபேனுக்குக்கூட இதைவிடப் பலம் உண்டு.

நவம்பர் 17, ஞாயிறு

சர்ச்சிலிருந்து நேரே ஹம்சா அக்கா வீடு. மாவுக்கட்டுப் போட்டுக் காலுக்கு அச்சு எடுத்தேன். புண் ஆறியிருக்கிறது. அக்கா ஜன்னலைப் பார்த்தபடி, "எனக்கு அந்த ஆபீஸ் ஒண்ணும் பெரிசில்லடி. ஆனா நானா போக முடியலன்னு அவங்க எழுதி அனுப்பப்படாது" என்றார்.

நவம்பர் 19, செவ்வாய்

மோட்டார் காயில் கட்டுகிறவர் என் மெஷினுடையதைத் திறந்து காட்டினார். நானூறு வோல்ட்டுக்குக் கட்டினது. என் பெட்டி கொடுப்பது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. உள்ளே மூன்று முனையைச் சேர்த்து ஒரு முடிச்சு. அதைப் பிரித்து ஆறு ஒயராக வெளியே எடுத்து வேறு விதமாகச் சேர்த்தால், இந்த வோல்டேஜிலேயே முழுப் பலம் வருமாம். மூன்று நாள் கேட்டிருக்கிறார். மூன்று நாள் நான் என்ன செய்வேன்? சாக்கெட்டை வார்த்து முடிக்கலாம்.

நவம்பர் 23, சனி

எழுதவே கை வரவில்லை.

மோட்டார் வந்தது. எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருகிறேன் என்றார். நாளைக்கா? நானே ஒயரை மாட்டினேன். முதலில் பழைய சாக்கெட்டை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கலை. நேரா ஹம்சா அக்காவோடத எடுத்து வச்சேன். அழுத்தினதும் தேய்க்கிற கூம்பு கழன்று சாக்கெட்டுக்குள்ளேயே துள்ளி விழுந்தது. விளிம்பு கிழிந்து கீழ்வரைக்கும் விரிசல். போச்சு. எல்லாம் போச்சு.

மெஷின் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. கூம்பு திருகி மாட்டுவது. சரியான பக்கம் சுற்றினால் அழுத்த அழுத்த இறுகும். மாறிச் சுற்றினால் கழன்றுவிடும். பதினோரு வருஷம் அதன் முன்னால் நின்றவள், அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. ரெண்டு ஒயரை இடம் மாத்தணும். அவ்வளவுதான். ரெண்டு நிமிஷ வேலை.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

நவம்பர் 24, ஞாயிறு

சர்ச்சில் உட்கார்ந்திருந்தேன். என்ன பிரசங்கம் என்று கேட்டால் தெரியாது.

நவம்பர் 25, திங்கள்

நேரில் போய்ச் சொன்னேன். அக்கா முதலில் கேட்டது: "உன் கையில ஒண்ணும் படலியே?" பிறகு காலண்டரைப் பார்த்தார். "சரி, மறுபடி மாவைப் போடு" என்று காலை நீட்டினார்.

இறங்கும்போது மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

நவம்பர் 30, சனி

இரண்டாவது சாக்கெட் வார்க்கிற நாள். ரெசின் பிசினைக் கலந்துவிட்டால் நிறுத்த முடியாது, இறுகிவிடும். இரண்டு கையும் பிசுக்காக நிற்கும்போது ஜோஷ்வா வந்தார். "இன்னைக்கு கடைசி நாளு பிள்ளே. போன் போட்டுத் தரட்டா? பேசுதியா?"

"கை ஒழியல" என்றேன்.

அவர் போய் ஃப்ரிட்ஜிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து வந்து, விரித்து, ரெசின் மக்குக்கு அடியில் போட்டார். "தரையில சிந்திச்சுன்னா ஓனர் கத்துவாரு" என்றார். இந்த மனுஷரோடு நான் இன்னும் கொஞ்சம் குறைவாகச் சண்டை போடலாம்.

டிசம்பர் 5, வியாழன்

ஹம்சா அக்காவை அவர் தம்பி ஷங்கர் நாற்காலியோடு இறக்கி ஆட்டோவில் கூட்டிவந்தார். போட்டுப் பார்த்தோம். முன்பக்கம் இடிக்கிறது. தேய்த்தேன். பக்கவாட்டில் கடிக்கிறது. தேய்த்தேன்.

டிரைவில் ஒரு திருகு இருக்கிறது, வேகத்தைக் குறைக்கலாம். ஆஸ்பத்திரியில் ஒரே வேகம், பேய் வேகம். இதில் தோல் உரிப்பதுபோல மெல்ல மெல்ல எடுக்க முடிகிறது. ஏழு தடவை கழற்றி மாட்டினோம். "இன்னும் ஒரு எடத்துல, ஒரு பொட்டளவு" என்று எட்டாவது தடவை கேட்கும்போது அக்காவுக்கே கூச்சம். "கேளுங்கக்கா, இங்க யாரு வரிசையில நிக்கா?" என்றேன். முன்னறைக்கும் சமையலறைக்கும் பதினாறு நடை நடந்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 9, திங்கள்

மனசு கேட்கவில்லை. ஒன்பது மணிக்கே குவார்ட்டர்ஸ் வாசலில் போய் நின்றேன். வழுக்கினால் பிடிக்கலாம், பாதியில் வலித்தால் கழற்றிப் பார்க்கலாம் என்று பையில் உப்புத்தாள்வரை வைத்திருந்தேன்.

மேலிருந்து முதலில் அக்காவின் குரல்தான் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே போன், ஒரு கை கம்பியில், இன்னொரு கையில் டிபன் பை. ஷங்கரைத் திட்டிக்கொண்டு வருகிறார். "சாவிய எங்கதான்டா வெச்சே? ஃப்ரிட்ஜ் மேல இல்ல! ஆமா, பாத்துட்டேன்!" என்னைத் தாண்டியே போய்விட்டார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், "ஏய் ஃபெபி! நீ எப்போ வந்தே? லேட்டாச்சுடி, சாயங்காலம் பேசறேன்" என்றார். பையா, ஜல்தி என்று ஆட்டோக்காரரையும் விரட்டினார்.

ஆட்டோ திருப்பத்தில் மறைந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. இரண்டு மாடி இறங்கி வந்தவர், ஒரு படியில்கூடக் குனிந்து காலைப் பார்க்கவில்லை.