ஐஸ்கிரீம் டப்பாவில் நோன்புக் கஞ்சி

பிப்ரவரி 24, செவ்வாய்

காலையிலேயே வெயில். மாசிக்கு இது ரொம்ப அதிகம்.

நேற்று டாக்டர் சொன்னது, மறக்கும் முன்: தைராய்டு, மாதவிலக்குக் குளறுபடி, இரண்டுக்கும் மாத்திரை. கூடவே, ஹார்மோனோடு விளையாடும் கெமிக்கல்களை முடிந்தவரை குறைக்க வேண்டும். இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாதாம். குறைத்தால் நல்லதாம்.

வீட்டை விட்டு வெளியேறியவை: கீறல் விழுந்த நான்ஸ்டிக் தவா. பாடி ஸ்ப்ரே. ரூம் ஃப்ரெஷ்னர். பிளாஸ்டிக் பாட்டில் மூன்று. சூடாக எதுவும் பிளாஸ்டிக்கில் கூடாது, ஆகவே ஹோட்டல் பார்சல் சாம்பாரும் போச்சு. ஏழு மாதம் முன்பே வெளியேறியது: கல்யாணம். அதற்கு டாக்டர் சீட்டு தேவைப்படவில்லை.

மாலை மும்தாஜ் அக்கா மாடியேறி வந்தார். கீழ்வீடு. கணவர் சவுதியில். பாலக்கரைக்கு நான் குடிவந்ததிலிருந்து என்னை விசாரிக்கும் ஒரே ஜீவன். கையில் ஐஸ்கிரீம் டப்பா, அதில் நோன்புக் கஞ்சி. கொதிக்கக் கொதிக்க ஊற்றியதில் டப்பாவே நெளிந்திருந்தது. மறுக்க வாய் வரவில்லை. அவர் இறங்கிப் போனதும் சிங்க்கில் ஊற்றினேன். பூண்டும் வெந்தயமும் என்னமாய் மணத்தது. பாவி நான்.

இன்று என்னோடு பேசியவர்கள்: பஸ் கண்டக்டர், மேனேஜர், மும்தாஜ் அக்கா.

பிப். 25, புதன்

மறுபடி கஞ்சி. மறுபடி டப்பா. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டேன். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மாதவிலக்கு, விவாகரத்து என்று முழுக்கதையும் பாட வேண்டும். அதைவிட, நோன்பு வைத்துக்கொண்டு ஒரு மனுஷி காய்ச்சிய கஞ்சியைப் பார்த்து, டப்பா சரியில்லை என்பதா?

“சரிம்மா” என்று இறங்கிவிட்டார். எப்போதும் பத்து நிமிடமாவது நின்று பேசுவார்.

பிப். 27, வெள்ளி

நேற்றும் வரவில்லை. இன்றும் இல்லை.

துணி காயப்போடப் பின்பக்கப் படியில் நின்றேன். கீழே அக்கா, தன் தங்கச்சியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒட்டுக்கேட்பது தப்புதான். கேட்டேன்.

“மாடியில இருக்கது ஸ்ரீரங்கத்துப் பொண்ணு. நம்ம வீட்டுல வாங்கிச் சாப்பிடாது போல. குடுத்த கஞ்சி நம்ம சாக்கடையிலதான் வந்து கெடந்துச்சு. நாமதான் புரிஞ்சுக்கணும்.”

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஸ்ரீரங்கம் என்றால் எல்லாரும் மடி ஆசாரமா? அம்மா மண்டபம் ரோட்டில் அப்பாவுக்குப் பஞ்சர் கடை. ஞாயிறு தவறாமல் வீட்டில் ஆட்டுக்கறி. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஈரத்துணியை வாளியோடு மேலே தூக்கி வந்துவிட்டேன்.

பிப். 28, சனி

அரைநாள் ஆபீஸ். மேனேஜர் லீவு. இன்று பேசியவர்கள்: கண்டக்டர். “உள்ள தள்ளி நில்லுங்கம்மா.” அவ்வளவுதான்.

உடம்பு சுத்தமாகிறதோ என்னவோ, வீடு சுத்தமாகிவிட்டது. வாசனை கிடையாது, பார்சல் கிடையாது, ஆளும் கிடையாது. இப்படியே எவர்சில்வர் பாத்திரங்களோடு கிழவியாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

மத்தியானம் அக்காவைப் படியில் பார்த்தேன். சிரித்தார். ஒதுங்கி வழிவிட்டார். என் மேல் பட்டுவிடக் கூடாது என்பதுபோல் முந்தானையை இழுத்துக்கொண்டார். மேலே வந்து அழுதேன்.

மார்ச் 1, ஞாயிறு

மாலை ஆறு தாண்டி, எவர்சில்வர் தூக்கோடு கீழே போனேன். கதவு திறந்தே இருந்தது. பேரீச்சம்பழத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அக்கா நோன்பு திறக்க, பள்ளிவாசல் பாங்குக்குக் காத்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர், சூட்டில் பிளாஸ்டிக், மாதவிலக்கு, பஞ்சர் கடை, சிங்க். சிங்க்கைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“இந்தத் தூக்குல கொஞ்சம் கஞ்சி குடுங்கக்கா.”

பாங்கு சொன்னார்கள். பழத்தைக் கடித்தார். தண்ணீர் குடித்தார். பிறகு பானையிலிருந்து இரண்டு கரண்டி ஊற்றினார். தூக்கை என் கையில் தரவில்லை. பாயில் வைத்தார்.

“மேல கொண்டு போகாத. இங்கயே உக்காந்து குடி. நான் பாக்கணும்.”

உட்கார்ந்தேன். நல்ல சூடு. நாக்கு வெந்துபோனது. அவர் தன் கஞ்சியைத் தொடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பருக்கை விடாமல் குடித்தேன்.