மையால் மறைத்த ஊர்ப்பெயர்

ஸ்காபரோ, ரொறன்ரோ
05.02.1996

அன்பு மகன் சீமோனுக்கு,

நாங்கள் நலம், நீயும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன் என்றுதான் தொடங்க வேண்டும், ஆனால் அதில் இரண்டாவது பாதி மட்டுமே உண்மை. அம்மாவுக்கு வருகிற இருபத்தாறாம் திகதி நெஞ்சில் ஒப்பரேசன், வால்வு மாற்ற வேண்டுமாம். ஒப்பரேசனுக்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்டபோது, "சீமோன் வரட்டும், போடுறன்" என்று பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். டொக்டர் கெஞ்சிப் பார்த்தார், பக்கத்து வீட்டு யோகமலர் அன்ரி அழுது பார்த்தா, நான் காலில் விழாத குறை. அவள் அசையவில்லை.

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிந்தால்தானே கூப்பிடுவேன். இரண்டு வருடத்தில் அம்மாவுக்கு மூன்று போஸ்ட்காட், மூன்றிலும் செதுக்கிய மரத்தூண்கள், ஒரு சொல் இல்லை, பின்னால் அச்சடித்த ஊர்ப்பெயரையும் மையால் மறைத்திருந்தாய், தபால் முத்திரையும் கலங்கிக் கிடந்தது. அதே தூண் ஊர்ப்பெயரோடு எதிலாவது இருக்குமென்று நான் பழைய போஸ்ட்காட் சேர்க்கத் தொடங்கினேன், சிரிக்காதே. ஞாயிறு பூசை முடிந்ததும் பிக்கரிங் சந்தைக்குப் போய், பழைய காட் விற்கும் வெள்ளைக்காரக் கிழவரின் பெட்டிகளைக் கிளறுவேன். அவர் என்னைப் பெரிய சேகரிப்பாளர் என்று நினைத்து யூனியன் ஸ்டேசன், நகர மண்டபம், நயாகரா என்று எடுத்து வைப்பார், மறுக்க முடியாமல் அதையும் வாங்கி இரண்டு அல்பம் நிரம்பிவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "பிள்ளையைத் துலைச்சுப்போட்டு படம் சேர்க்கிறார்" என்றாள். நீ போன பிறகு அவள் என்னிடம் பேசிய நீளமான வசனம் அதுதான். போன மாதக் கடைசியில் கிடைத்தது மகன், உன் மூன்றாவது போஸ்ட்காட்டில் உள்ள அதே தூண், அடியில் கரடி, உச்சியில் சொண்டு உடைந்த பறவை. அறுபது வருடத்துக்கு முந்திய படத்தில் சொண்டு முழுசாக இருக்கிறது, தூணுக்குப் பின்னால் உன் படத்தில் உள்ள அதே வெள்ளைக் கோயில், கீழே ஊர்ப்பெயர். சந்தோசத்தில் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் சொன்னார், அந்த ஊர் ஆதிக்குடிச் சனங்கள் இறந்துபோன ஒருவரின் நினைவாக நிறுத்திய தூணாம் அது. பிடித்த கையை விட்டுவிட்டேன். நீ தெரிந்துதான் அனுப்பினாயா?

நீ கம்பஸ் படிப்பை விட்டுவிட்டு மரவேலைக்குப் போகிறேன் என்று சொன்ன கோபத்தில், பூசைச் சீட்டில் ஆத்தும சாந்திக்கென்று உன் பெயரை எழுதிக் கொடுத்தவன் நான். புதுச் சுவாமி ஆளைத் தெரியாமல் வாசித்தபோது நீ கோயிலில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தாய் என்று பிறகுதான் அறிந்தேன். உயிரோடிருக்கிற பிள்ளைக்கு எந்தத் தகப்பன் அப்படிச் செய்வான். நேற்றுப் பூசை முடிவில் எழும்பி நின்று, என் மகன் உயிரோடு இருக்கிறான், நான் பொய் எழுதிக் கொடுத்தேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணி போட்டுத் தந்தாள்.

இதை அந்த ஊர்த் தபாற்கந்தோருக்கு உன் பெயர் போட்டு அனுப்புகிறேன், கிடைக்குமோ தெரியாது. அங்கே ஈரக் குளிராம், காதை மூடிக்கொண்டு திரி, மரம் அரிகிற வாளில் விரல் கவனம். மாதா உன்னைக் காக்கட்டும். இருபத்தாறுக்கு முன் வா, முடியாவிட்டால் கலெக்ட் கோல் எடு, காசை நான் கட்டுகிறேன், நம்பர் மாறவில்லை. நான் எடுத்தால் நீ ஒன்றும் பேச வேண்டாம். ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் பேசி முடிக்கும்வரை வெளியே பனியில் நிற்கிறேன்.

உன் அப்பா,
யேசுரட்ணம்