அலமாரியில் தொங்கும் வெள்ளைக் கோட்

அன்புள்ள வாண்டுவின் அப்பாவுக்கு,

இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. கப்பலில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? சமையல்கட்டில் பெரிய அண்டாவை நீங்களே தூக்காதீர்கள், கூட இருப்பவர்களைக் கூப்பிடுங்கள். போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். இந்த இரண்டு அறை வீட்டில் நான் முணுமுணுத்தால்கூட நம் பெண் காதில் விழுந்துவிடும்.

வாண்டு சரியாகச் சாப்பிடுவதில்லை. மருத்துவக் கல்லூரியில் சேரப் பாடவாரியாக நுழைவுத் தேர்வு உண்டல்லவா, அதற்கான மாதிரித் தேர்வில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள். இதயத்தின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து பாகங்களைக் குறிப்பாள். அங்கே கேட்டதோ, ஒரு வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் எந்தப் பக்கம் திரும்பும் என்று. பேனாவை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாளாம். "படிச்சதுதாம்மா, ஆனா யாரோ தெரியாதவங்க மாதிரி வந்து நிக்குது" என்றாள்.

வந்த ஆத்திரத்தில், அந்த மருத்துவக் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். பள்ளியில் வாங்கிய நூறு போதாதா, பிள்ளைகளை ஏன் வதைக்கிறீர்கள் என்று சண்டைக்கே போய்விட்டேன். உன் துணிக்கடையில் டிரையல் ரூம் எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டார். ஒரு கம்பெனியின் நடுத்தர அளவு இன்னொரு கம்பெனியில் பெரிய அளவு, போட்டுப் பார்க்காமல் லேபிளை நம்பி வாங்கிப்போனவர்கள் மறுநாளே திரும்பி வருவார்கள். பள்ளிகளும் அப்படித்தான் என்றார். ஓரிடத்தில் புத்தக வரியை அப்படியே எழுதினால் நூறு, இன்னோரிடத்தில் யோசித்து எழுதினாலும் அறுபது. எல்லோருக்கும் ஒரே தேர்வு வைக்காமல் யாரை எடுப்பது, யாரை விடுவது என்றார். வாண்டுவின் பள்ளியில், பரீட்சைக்கு வரும் கேள்விகளை வாத்தியாரே முன்கூட்டி டிக் போட்டுக் கொடுத்துவிடுவார். டிக் இல்லாத பக்கத்தை இவள் திருப்பியதே இல்லை. நியாயம் புரிகிறது. ஆனாலும் அந்த டிரையல் ரூமில் நிற்பது என் பெண்ணாயிற்றே.

இப்போது விட்டுப்போன பக்கங்களை எல்லாம் முதலிலிருந்து படிக்கிறாள். தேர்வு அடுத்த மாதம். தேறுவாளா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், பயமாக இருக்கிறது.

இன்னொன்று. "டாக்டரம்மாவுக்கு" என்று சீட்டு எழுதி நீங்கள் பார்சலில் அனுப்பிய வெள்ளைக் கோட் அலமாரியில் தொங்குகிறது. அவள் இப்போது அந்த அலமாரியைத் திறப்பதே இல்லை. துணிகளை நாற்காலியில் குவித்துவைத்து அதிலிருந்தே எடுத்து உடுத்துகிறாள். நான் கோட்டை எடுத்து ஒளித்துவைத்தால், அம்மாவுக்கே நம்பிக்கை போய்விட்டது என்று நினைப்பாள்.

அதனால் ஓர் உதவி செய்யுங்கள். அடுத்த முறை போன் பண்ணும்போது மார்க்கைப் பற்றிப் பேச வேண்டாம். அந்தக் கோட் நீங்கள் சமையல்கட்டில் போட்டுக்கொள்ள வாங்கியது, தவறிப்போய் இங்கே வந்துவிட்டது, திருப்பி அனுப்பு என்று அவளிடமே சொல்லுங்கள். தோள் உங்கள் அளவுதான், கடைக்காரி சொல்கிறேன். அவள் நம்பமாட்டாள், பரவாயில்லை. அதை எடுக்கவாவது அலமாரியைத் திறக்கட்டும்.

கடல் அமைதியாக இருக்கட்டும்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
வாண்டுவின் அம்மா