நாலாவதா, ஐந்தாவதா?

மார்ச் 9, ஞாயிறு

கூடத்துச் சுவரில் இன்று நாலாவது சதுரம் ஏறியது. பெயின்டர் ஒரு முழ அகலத்துக்குப் பூசிவிட்டு, பக்கத்தில் பென்சிலால் 4 என்று எழுதினார். நாலுமே மணல் நிறம்தான். ஆனால் கடைக்காரன் கொடுத்த அட்டையில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்: ஈர மணல், வெயில் மணல், பழைய மணல், சும்மா மணல். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, "ஒண்ணுல மஞ்சள் தூக்கல். மூணுல சிவப்பு எட்டிப் பாக்குது" என்றார். நூல் ஆலையில் முப்பத்து நாலு வருஷம் சாயம் சரிபார்த்த மனுஷன். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. கண்ணுக்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

பத்து நாளாகச் சாமான்கள் எல்லாம் கூடத்தின் நடுவில் பழைய போர்வை மூடிக் கிடக்கின்றன. பீரோவைச் சோபாவோடு ஒட்டி நகர்த்தியதில் அதன் கதவு ஒரு சாண்தான் திறக்கிறது. கையை விட்டு, எட்டினதை இழுத்து உடுத்திக்கொள்கிறேன். இந்த வாரம் மூன்று தடவை அதே பச்சைப் புடவை.

மார்ச் 11, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். இன்று கூப்பிட்டு உட்காரவைத்து, "அக்கா, புதுக் கிளை திறக்கப் போறேன். நீங்கதான் அதைப் பாத்துக்கணும். மேலயே ஒரு ரூம் இருக்கு, தங்கிக்கலாம். நீங்க இருந்தா அந்தக் கடையை நான் மறந்துடலாம்" என்றாள். பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரம். முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள்.

இருபத்தாறு வருஷம் ஒரே இருட்டு அறையில் வந்தவர்களின் கண்ணைப் பரிசோதித்திருக்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில் என் பொறுப்பில் ஒரு கடை! வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு தாளவில்லை. பஸ்ஸில் ஒரு அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

இவரிடம் சொன்னேன். சுவரிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "நல்லதுதானே. மொதல்ல இந்தப் பெயின்ட் வேலை முடியட்டும். வீட்டை இந்தக் கோலத்துல போட்டுட்டு எப்படிப் போறது? அப்புறம் ஆற அமரப் பேசலாம்" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது.

மார்ச் 14, வெள்ளி

ஐந்தாவது சதுரம்.

மார்ச் 17, திங்கள்

மகளுக்கு ஐந்து சதுரத்தையும் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே போன். "ஏம்மா ஒரே போட்டோவை அஞ்சு தடவை அனுப்பியிருக்கே?"

வேலை விஷயத்தையும் சொன்னேன். "போயேன்மா. அப்பா என்ன கைக்குழந்தையா?" என்றாள். அவளுக்கென்ன, இரண்டு நாடு தள்ளி உட்கார்ந்துகொண்டு சொல்லிவிடலாம். இங்கே நான் சமையலறைக்குப் போவதற்கே நாற்காலிக்கும் சோபாவுக்கும் நடுவில் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

கடையில் ஒரு லாரி டிரைவர். அவருக்கு ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா? இல்ல, இதுலயா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில், "ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்கு" என்று கூச்சத்தோடு சொன்னார், ஏதோ பரீட்சையில் தோற்றுவிட்டவர் போல. நான் காத்திருப்பதே அந்தப் பதிலுக்குத்தான் என்பது அவருக்குத் தெரியாது. வித்தியாசம் தெரியவில்லை என்றால் வேலை முடிந்தது. எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

வீட்டுக்கு வந்தால் இவர் சுவர் முன்னால் நிற்கிறார். "நாலு கொஞ்சம் சோகையா இருக்கு. அஞ்சுதான் இதமா இருக்குன்னு நெனைக்கிறேன். நாளைக்கு வெயில்ல பாப்போம்." வெயிலில் பார்த்தாயிற்று. மேகம் போட்டபோது பார்த்தாயிற்று. விளக்குப் போட்டு, விளக்கை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, திறந்து.

பதினொரு நாள் இருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

முடியல. எனக்கு மூச்சு முட்டுது. இன்னைக்கு அவர்கிட்ட, "எதையாவது ஒண்ணை அடிச்சுத் தொலைங்க, எனக்கு எல்லாம் சரி" என்று சொன்னேன். "எல்லாம் சரின்னு சொல்றவங்கதான் அப்புறம் குறை சொல்வாங்க" என்றார். கோபமே இல்லாமல் சொல்கிறார்! கத்தினாலாவது நானும் கத்துவேன். இந்த மனுஷன் பிடிகொடுக்கவே மாட்டேன் என்கிறார். வேலையைப் பற்றி வாயைத் திறந்தால் சுவர். சுவரைப் பற்றிக் கேட்டால் வெயில். யாரிடம் போய்ச் சொல்வேன், என் கணவர் என்னை மணல் நிறத்தில் பூட்டி வைத்திருக்கிறார் என்று?

முதலாளி இன்று ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

மார்ச் 27, வியாழன்

பெயின்டர் காலையில் வந்து எட்டிப் பார்த்தார். "முடிவாச்சாக்கா?" இல்லை என்றேன். இவர் குளித்துக்கொண்டிருந்தார். பெயின்டர் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, சார்கிட்ட சொல்லிடாதீங்க. அந்த அஞ்சாவது தனி டப்பா இல்ல. கடைக்கு இன்னொரு நடை போகச் சலிப்பா இருந்துச்சு. நாலையே மறுபடி எடுத்து அடிச்சுட்டேன்."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் சமையலறைக்கு ஓடிப் போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தேன். நாலு சோகை, அஞ்சு இதம்! பதிமூன்று நாள்! சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு எப்போது அழுகை வந்தது என்று தெரியவில்லை.

மார்ச் 29, சனி

கேட்டுவிட்டேன். பெயின்டரைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் மென்று முழுங்கினேன். இன்று இவர் மறுபடியும் "நாலா, அஞ்சா" என்று ஆரம்பித்ததும் வந்துவிட்டது.

"ரெண்டும் ஒரே டப்பாங்க."

அவர் திரும்பவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்பத்துலேருந்து?"

"ஈரம் காயறதுக்கு முன்னாடியே தெரியும். முப்பத்து நாலு வருஷம் என்ன பண்ணிட்டிருந்தேன்னு நெனச்சே?"

"அப்புறம் ஏங்க?"

ஐந்தாவது சதுரத்தின் ஓரத்தை விரலால் தடவினார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இது முடிஞ்சா நீ பெட்டியைக் கட்டிடுவே. பகல் பூரா நான் யாரோட பேசறது? சாயங்காலம் நீ வருவேன்னுதான் பகலை ஓட்டறேன்."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அதை இன்றைக்குத்தானா சொல்ல வேண்டும்? பிடிவாதம் என்றால் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். இதை என்ன செய்வது? நேற்று வரை கதவுதான் சாத்தியிருந்தது. இன்று அவரே கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? பதினொன்றாம் தேதியிலிருந்து ஒரு தடவையாவது "நான் போகிறேன்" என்று சொன்னேனா? சுவர் முடியட்டும் என்று நானும்தான் சும்மா இருந்தேன். தனியாக ஒரு கடையை நடத்த முடியுமா என்று எனக்கும் உள்ளுக்குள் உதறல். அவர் தள்ளிப்போட்டது எனக்கும் கொஞ்சம் வசதியாகத்தான் இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

அவர் சுவர் பக்கமே போகவில்லை.

மார்ச் 31, திங்கள்

காலை ஒன்பதரைக்குப் போர்வை மூடிய சாமான்களுக்கு நடுவில் நின்றபடி முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் கேட்கட்டும் என்றுதான் அங்கே நின்றேன். "வரேன்" என்றேன். அவள் அந்தப் பக்கம் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் எழுந்து வந்து, சோபாவில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அது நகரவில்லை. நானும் போய்த் தள்ளினேன். இரண்டு பேருமாகத் தள்ளியதில் அது கீச்சென்று விலகி, பீரோக் கதவு முழுசாகத் திறந்தது.

"எடுத்துக்கோ" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு.

ஏப்ரல் 5, சனி

காலை பஸ். ஏற்றிவிட வரவில்லை. வாசல் வரை வந்தார்.

ஜூன் 15, ஞாயிறு

இன்றுதான் முதல் தடவையாக இங்கே வந்தார். வீட்டுக்கு ஏப்ரலிலேயே பெயின்ட் அடித்தாயிற்றாம். எந்த மணல் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடையைச் சுற்றிக் காட்டினேன். பரிசோதனை நாற்காலியில் உட்காரவைத்துக் கண் பார்த்தேன். கிட்டப் பார்வைக்கு அரை பாயின்ட் கூடியிருக்கிறது. பிறகு மேலே என் அறைக்கு அழைத்துப் போய்த் தேநீர் போட்டுக் கொடுத்தேன். தெரு நூலகத்தில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் புத்தகம் அடுக்கப் போகிறாராம். அங்கே பேசக்கூடாதாம், அதுதான் கஷ்டமாம்.

குடித்து முடித்துவிட்டு, என் அறைச் சுவரை நிமிர்ந்து பார்த்தார். தலையைச் சாய்த்தார். "இது கொஞ்சம்…" என்று ஆரம்பித்தார்.

"உங்களுக்கு பஸ் எத்தனை மணிக்கு?" என்றேன்.

"அஞ்சுக்கு."

"நாலுக்கும் ஒண்ணு இருக்கு."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், டம்ளரைக் கீழே வைக்க வேண்டியதாகிவிட்டது. நானும் சிரித்தேன்.

ஐந்து மணி பஸ்ஸில்தான் போனார். நிலையம் வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன். பஸ் திருப்பத்தில் மறையும் வரை அங்கேயே நின்றேன். திரும்பி வரும் வழியில் கைப்பைக்குள் கையை விட்டுக் கடைச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இருந்தது. நாளைக்குக் காலையில் கண் பரிசோதனைக்கு ஏழு பேர் வருகிறார்கள்.